ஸ்கேனுக்குக் கொடுக்கலாம், 'புதுப்பிப்பு' மட்டும் வேண்டாம்: டர்பன் பிலிம் கடை ஒன்றின் வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்தில், பழைய பிலிமை ஸ்கேன் செய்து கோப்பாகத் தரும் இந்தக் கடைக்கு மூன்று சுருள்கள் போயின. ஒன்று 1960களின் ரெகுலர் 8 (வீட்டுக் கேமராக்களின் 8 மி.மீ. பிலிம்) கோடாக்குரோம் கலர் சுருள், அதில் தீமிதி. இரண்டாவது, அதற்குப் பின் வந்த 8 மி.மீ. வகையான சூப்பர் 8, ஓரத்துக் காந்தப் பட்டையில் ஒலி பதிந்தது, அதில் காவடி. மூன்றாவது, மண்டபங்களில் ஓட்டித் தேய்ந்த ஒரு தமிழ்ப் படத்தின் 16 மி.மீ. ஈஸ்ட்மன்கலர் (கோடாக்கின் கலர் பிலிம்) பிரதியிலிருந்து ஒரு ரீல். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இங்கே கண்ட குறைகள் எந்தக் கடையிலும் நேரக்கூடியவை; என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்கேன் செய்வதில் கைதேர்ந்தவர்கள், நம்பிக் கொடுக்கலாம். ஸ்கேனுக்குப் பிறகு, தூசியையும் நிறத்தையும் சரிசெய்வதாக அவர்கள் விற்கும் 'புதுப்பிப்பு' பேக்கேஜை மட்டும் வாங்காதீர்கள்.

இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பு இன்று இல்லை. அங்கே குடியிருந்த மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்களை 1960களில் நகருக்கு வெளியே சாட்ஸ்வொர்த் குடியிருப்புக்குப் பெயர்த்துவிட்டார்கள். தொலைக்காட்சியோ 1976 ஜனவரியில்தான் இந்த நாட்டில் முறையாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய கோயில் விழாவோ கல்யாணமோ அசையும் படமாகக் கிடைக்கிறது என்றால், யாரோ ஒரு மாமா வீட்டுக் கேமராவில் எடுத்த நாலு நிமிடச் சுருளாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நெகட்டிவ் கிடையாது, இன்னொரு பிரதி கிடையாது. ரிவர்சல் பிலிமில் கேமராவுக்குள் ஓடிய அதே துண்டுதான் கையில் இருக்கும் படம்.

சுருளை வாங்கிக்கொள்ளும் விதத்திலேயே இவர்கள் மேல் மதிப்பு வருகிறது. டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பார்க்கிறார்கள். காடி நெடி அடித்தால் பிலிமின் அசிட்டேட் அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியாகிறது என்று பொருள். மூக்கோடு விடாமல் டப்பாவுக்குள், அமிலம் பட்டால் நிறம் மாறும் ஏ-டி தாளை வைத்து 24 மணி நேரம் மூடி வைக்கிறார்கள். நீலமாகவே இருந்தால் கவலையில்லை. பச்சைக்குத் திரும்பினால் சிதைவு தன்னைத்தானே துரிதப்படுத்தும் கட்டம் நெருங்கிவிட்டது. மஞ்சளானால் அந்தச் சுருளை உடனே தனியாகப் பிரித்து, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு ஸ்கேன் செய்ய வேண்டும். எங்கள் 16 மி.மீ. ரீல் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நின்றது.

அடுத்து, பிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்ப்பது. பிலிமின் துளைகளில் நூறு இடைவெளிகளை எஃகு அளவுகோலில் அளக்கிறார்கள். 16 மி.மீ. பிரதியில் அது 762 மி.மீ. இருக்க வேண்டும், 756க்குக் கீழே போனால் 0.8 சதவீதம் சுருங்கிவிட்டது, புரொஜெக்டரில் ஏற்றக் கூடாது. சூப்பர் 8க்கு 423.4, ரெகுலர் 8க்கு 381. வீட்டிலேயே இதை அளந்து பார்க்கலாம். 'ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாமே' என்று பழைய புரொஜெக்டரைத் தூசி தட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. சுருங்கிய பிலிமின் துளை பற்சக்கரத்தோடு ஒத்துப்போகாது, ஒவ்வொரு பிரேமிலும் ஓரம் கிழியும். இந்தக் கடை ஸ்கேனரில் பற்சக்கரமே இல்லை. ரப்பர் உருளைகள் பிலிமை மெல்ல இழுத்துப் போகின்றன, துளை எங்கே இருக்கிறது என்பதைக் கேமரா பார்த்துப் படத்தை நிலைநிறுத்துகிறது.

பிலிம் துண்டுகளை இணைத்த ஒட்டுகளைக் கையால் சரிபார்க்கிறார்கள். பழைய செலோடேப் ஒட்டுகள் காய்ந்து பிசின் கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரித்துத் துடைத்து, துளையிட்ட பாலியெஸ்டர் டேப்பில் மறுபடி ஒட்டினார்கள். ஒரு பிரேம்கூட வெட்டவில்லை. துடைப்பதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி. காந்தப் பட்டை உள்ள சூப்பர் 8இல் முதலில் வால்பகுதியில் ஓரங்குலம் தேய்த்து, பட்டை உரியவில்லை என்று பார்த்த பிறகே தொடர்ந்தார்கள். தண்ணீரைப் பக்கத்தில் விடவில்லை.

ஸ்கேன் அருமை. பிரேமின் விளிம்பைத் தாண்டி, துளையும் ஓரத்து எழுத்தும் தெரியும்படி எடுத்துத் தருகிறார்கள். பிற்பாடு படத்தை நிலைப்படுத்தவும், ஓரக் குறிகளை வைத்துப் பிலிம் தயாரான ஆண்டைக் கணிக்கவும் அது வேண்டும். கோடாக் ஆண்டுக்குறிகளான வட்டம், சதுரம், முக்கோணம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், படத்தில் தெரியும் காரையோ கடைப் பலகையையோ சேர்த்துப் பார்த்தால்தான் எந்தச் சுற்று என்று தெளிவாகும். வேகமும் சரி. ரெகுலர் 8ஐ நொடிக்கு 16 பிரேமாகவே கொடுத்தார்கள். இதை 25க்குத் தள்ளிவிட்டால் தேர் இழுப்பவர்கள் எல்லாம் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். ஐம்பதடிச் சுருளின் 4 நிமிடம் 10 நொடி, 2 நிமிடம் 40 நொடியாகிவிடும்.

குறை ஒலியில் ஆரம்பிக்கிறது. சூப்பர் 8இல் ஒரு பிரேமுக்கான ஒலி அந்தப் பிரேமின் பக்கத்தில் இருக்காது, 18 பிரேம் முன்னே பதிந்திருக்கும். படத்தையும் ஒலியையும் தனித்தனியாக எடுத்துச் சேர்க்கும்போது அந்த 18ஐ நகர்த்த வேண்டும். முதலில் வந்த கோப்பில் நகர்த்தவில்லை. 18 பிரேம் வேகத்தில் அது முழுதாக ஒரு நொடி. மேளத்தில் குச்சி விழும் இடத்தில் சத்தம் இல்லை, குச்சி ஓங்கியிருக்கும்போது சத்தம். சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை. வாங்கிய உடனே தாளம் அடிக்கும் ஒரு காட்சியைப் போட்டுப் பாருங்கள். (16 மி.மீ. பிரதியின் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஒலித்தடத்துக்குக் கணக்கு 26 பிரேம்.)

இப்போது அந்த பேக்கேஜ். தூசி நீக்கும் மென்பொருளின் வழி எளிது: முந்தைய பிரேமிலும் அடுத்த பிரேமிலும் இல்லாமல் ஒரே ஒரு பிரேமில் மட்டும் தெரியும் புள்ளி எதுவோ அது அழுக்கு. கல்யாண ஹாலுக்குள் எடுத்த படத்துக்கு இது பொருந்தும். தீமிதியை நினைத்துப் பாருங்கள். பூக்குழியில் கால் பதியும்போது தெறிக்கும் கங்கு ஒரு பிரேம்தான் இருக்கும், அடுத்ததில் வேறிடம் போய்விடும். பேக்கேஜில் வந்த கோப்பில் கால்கள் நடக்கின்றன, புகை எழும்புகிறது, தீப்பொறி ஒன்றுகூட இல்லை. காவடிச் சுருளிலும் இப்படியே. மேலே தூவிய பூவிதழ்கள் பாதி காணோம், குடத்திலிருந்து ஊற்றும் மஞ்சள் நீரின் துளிகள் காணோம், காவடியில் பதித்த கண்ணாடி வெயிலில் பளிச்சிடும் இடங்கள் மழுங்கிவிட்டன. ஸ்கேனையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினால் தெளிவாகத் தெரியும்.

இன்ஃப்ராரெட் வைத்துத் தூசியைக் கண்டுபிடிப்பதாகவும் பேக்கேஜில் எழுதியிருக்கிறது. சாயத்தால் ஆன கலர் பிலிமுக்கு அது நல்ல வழி, அங்கே இன்ஃப்ராரெட்டைத் தடுப்பது தூசி மட்டுமே. கறுப்பு-வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அதுவும் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும். கோடாக்குரோமிலும் அதை நம்ப முடியாது. வாடிக்கையாளரிடம் இதைக் கடைக்காரர் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

நிறத்திலும் அதே அவசரம். ஈஸ்ட்மன்கலர் பிரதியில் முதலில் வெளிறுவது சியான் (நீலப்பச்சை) சாயம், அதனால்தான் பழைய பிரதிகள் செக்கச்செவேல் என்று இருக்கின்றன. மிச்சமிருக்கும் கொஞ்ச நிறத்தை இழுத்து நிமிர்த்தும்போது பிலிமின் துகள்களும் சேர்ந்து எடுப்பாகத் தெரியும். நிறப் படிகள் குறைவான 8 பிட் ஸ்கேனாக இருந்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும். இங்கே 10 பிட்டில் எடுத்ததால் 16 மி.மீ. ரீல் பிழைத்தது. காவடிச் சுருளில்தான் கோளாறு. நிறத்தைச் சமன்செய்தவர் வேட்டியை வெள்ளை என்று எடுத்துக்கொண்டார். அது மஞ்சளில் நனைத்த வேட்டி. அதை வெள்ளையாக்கப் போய், வானம், தெரு, முகம் எல்லாவற்றிலும் நீலம் பாய்ந்துவிட்டது. நெற்றித் திருநீற்றை வெள்ளைக்கு அடையாளமாகக் காட்டியதும் முகங்களுக்கு நிறம் திரும்பியது. உங்கள் சுருளில் எது வெள்ளை, எது மஞ்சள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குடும்பத்துக்குத் தெரிந்தது கடைக்குத் தெரியாது.

ஆகவே கேட்க வேண்டியது இது: துடைப்பு, ஒட்டு, ஸ்கேன். கோப்பு புரோரெஸ் 422 எச்.கியூ. (எடிட்டிங்குக்கான உயர்தர வீடியோ வகை) அல்லது அதற்கு மேல், முழு எச்.டி.யில் 24 பிரேமுக்கு மணிக்கு ஏறத்தாழ 79 ஜி.பி. பிடிக்கும். பார்ப்பதற்குத் தனியாக ஒரு எம்.பி.4. ஒவ்வொரு பிரேமையும் தனிப் படக் கோப்பாக வைக்கும் டி.பி.எக்ஸ். வரிசை 2கே அளவில் மணிக்கு ஒரு டெராபைட்டைத் தொடும், வீட்டுச் சுருளுக்கு அது வேண்டியதில்லை. ஒவ்வொரு கோப்புக்கும், அது பிற்பாடு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம் எண் கேளுங்கள், கொடுக்கிறார்கள். இரண்டு டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

விலை அடிக்கணக்கில். ஆனால் பாதி சுற்றிய ரீலையும் முழு ரீலாக எழுதுகிறார்கள். 3 அங்குல ரீல் 50 அடி, 5 அங்குலம் 200, 7 அங்குலம் 400. ஸ்கேன் முடிந்த பிறகு பிரேம் எண்ணிக்கை கோப்பிலேயே இருக்கும்: சூப்பர் 8க்கு அடிக்கு 72, ரெகுலர் 8க்கு 80, 16 மி.மீ.க்கு 40. வகுத்துப் பார்த்து, மிச்சத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். கழித்தார்கள்.

சுருள் திரும்பி வரும்போது காற்றுப் போகும் பாலிபுரொப்பிலீன் டப்பாவில் வருகிறது, நல்லது. பழைய தகர டப்பாவுக்கு மாற்றிவிடாதீர்கள். இறுக மூடிய டப்பாவில் அமில ஆவி தேங்கி பிலிமையே தின்னும். டர்பன் கோடையின் ஈரப்பதத்தில், படம் பதிந்த எமல்ஷன் பூச்சின்மேல் பூஞ்சையும் ஏறும், ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் இடமாகப் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளம்போல் மறுபடி வந்து சுருள் நனைந்துவிட்டால் காய வைக்காதீர்கள். சுற்றோடு சுற்று ஒட்டிவிடும். குளிர்ந்த சுத்தமான நீரில் மூழ்கியபடியே ஓரிரு நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் படிவத்தின் அடியில் 'மூலச் சுருள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 'அழித்துவிடலாம்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருக்கிறார்கள். அதன்மேல் கோடு போட்டு நீக்கிவிட்டு, 'திருப்பித் தரவும்' என்று கையால் எழுதி, நகல் ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.