காருக்குள் நாய் முடி: உறிஞ்சுவதா, உருட்டுவதா?

ஊசி போட லாப்ரடாரைக் குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போய்த் திரும்பினால் பின் சீட் முழுக்க முடிதான். பயந்த நாய்க்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே உதிரும். வீட்டுக்கு வந்ததும் பலர் முதலில் எடுப்பது வேக்கம் கிளீனரை. பாதி உழைப்பு அங்கேயே வீணாகிறது.

முடி தூசி மாதிரி மேலாகக் கிடப்பதில்லை. குட்டையான, விறைத்த முடி கார்பெட் நாருக்குள் குத்திக்கொண்டு நிற்கும். காற்று அதைத் தாண்டிப் போய்விடும். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்ன வேக்கம் என்றால் இன்னும் மோசம். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். அதாவது 120 முதல் 180 வாட் வரைதான் இழுக்க முடியும். வீட்டு வேக்கத்தில் 1000 வாட்டைத் தாண்டியவை சாதாரணம். ஆனால் அதுவும் முடியைப் பிடுங்காது, பிடுங்கிப் போட்டதை அள்ளும். ஆகவே முதலில் உருட்டித் திரட்ட வேண்டும், பிறகுதான் உறிஞ்ச வேண்டும்.

துணி சீட்டில் திரட்டுவதற்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைக்கு நிகரில்லை. கையுறையை நனைத்து உதறிவிட்டு, ஒரே திசையில், ஒரு சாண் நீளத்துக்கு இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் திரண்ட முடி திரும்பப் பரவும். நான்கைந்து இழுப்பில் முடி திரி திரியாகச் சுருண்டு வரும். சுருளாமல் கை வழுக்கினால் ஈரம் அதிகம். முடி துணியோடு படிந்துவிட்டது என்று அர்த்தம். சீட்டும் முதுகும் சேரும் இடுக்கில் விரலை விட்டு வழிக்க முடிவது இதன் தனிச் சிறப்பு.

டிக்கி போன்ற அகலமான இடத்துக்குக் கையுறை போதாது, முதுகு போய்விடும். அங்கே ஜன்னல் கண்ணாடி துடைக்கும் கெட்டி ரப்பர் வைப்பரை உலர்வாகவே அழுத்தி இழுங்கள். தரை துடைக்கும் ஸ்பாஞ்சு வைப்பர் இதற்கு உதவாது.

குதிகால் தேய்க்கும் நுரைக்கல் கார்பெட்டில் எல்லாவற்றையும் மிஞ்சும். வேரோடு குத்தி நிற்கும் முடியைக் கிளப்ப அதுதான் வழி. கை லேசாக, ஒரே பக்கமாக. ஆனால் கார்பெட்டைத் தாண்டி எங்கும் வைக்காதீர்கள்: துணி சீட் பஞ்சு பஞ்சாகும், ரெக்ஸினிலும் பிளாஸ்டிக்கிலும் கீறல் விழும். கல் உதிர்க்கும் பொடியைக் கடைசியில் வேக்கம் எடுத்துக்கொள்ளும்.

ஒட்டும் ரோலர் மேற்கூரைத் துணிக்கும் கதவுத் துணிக்கும் மட்டும். மணல் பட்டால் இரண்டே உருட்டில் பசை செத்துவிடும்.

துணிக்குப் போடும் கண்டிஷனரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் முறையைப் பலரும் சொல்கிறார்கள். அது நிலைமின்சாரத்தைக் குறைத்து முடியைத் தளர்த்துகிறது. வறண்ட ஊருக்குச் சரி. கடற்காற்றில் ஊறிக் கிடக்கும் புதுச்சேரியிலும் கடலூரிலும் நிலைமின்சாரம் அவ்வளவு தொல்லையில்லை. வெறும் தண்ணீரே போதும். கண்டிஷனர் படிந்த துணி அழுக்கைப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைத்த சீட் இரண்டு நாளானாலும் காயாது, பூஞ்சை வாடைதான் மிச்சம். எங்கள் கருத்தில் இதை விட்டுவிடலாம்.

வாட்டர் சர்வீஸ் கடையின் காற்றுக் குழாய், சீட் தண்டவாளத்தில் சிக்கிய முடியை நொடியில் வெளியே தள்ளும். ஆபத்து ஏசியில். பல கார்களில் உள்காற்றை இழுக்கும் வாய் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், கால் வைக்கும் பக்கம் இருக்கிறது. காற்று அடிக்கும்முன் ஏசியை வெளிக்காற்று நிலைக்கு மாற்றி, பிறகு புளோயரை அணைத்து, நான்கு கதவையும் திறந்து வையுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு தெரிந்தால் தொடவே வேண்டாம். அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஓடவிட்டுத் திரும்பிய நாய் என்றால் வரிசை மாறும். முதலில் வேக்கம் போட்டு மணலை எடுங்கள், பிறகு ரப்பர், மறுபடி வேக்கம். மணலோடு தேய்த்தால் கையுறையே உப்புத்தாள் ஆகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் பின் சீட் பெல்ட் பூட்டுகளைப் பாருங்கள். முடியும் மணலும் உள்ளே அடைந்தால் நாக்கு முழுதாக இறங்காது. க்ளிக் சத்தம் கேட்ட பிறகும் ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்துவிட்டே குழந்தைகளை உட்கார வையுங்கள்.