வெய்ல் தேர்வு: முதலில் சீப்பு எங்கே, பிறகுதான் நீளம்

மணப்பெண்ணுக்கு வெய்ல் (கவுனோடு தலையிலிருந்து தொங்கும் மெல்லிய முக்காடு) எடுக்கும்போது பெரும்பாலும் முதல் கேள்வியே "எவ்வளவு நீளம்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்பது நல்லது. 40 அங்குல வெய்ல் ஒன்றைத் தலையில் பிடித்து நிறுத்தும் சீப்பை உச்சந்தலையில் செருகினால் அது கை விரல்நுனியில் நிற்கும். அதே வெய்லைக் கொண்டைக்குக் கீழே பிடரியில் செருகினால் 6 முதல் 8 அங்குலம் இறங்கி முழங்காலை நெருங்கிவிடும். ஆகவே முதலில் தலை அலங்காரம், அடுத்து கவுனின் முதுகும் ட்ரெயிலும் (பின்னால் தரையில் இழுபடும் பகுதி) முடிவாகட்டும். அவை முடிவானால் நீளம் தானாக அமையும். அளவெடுக்கும்போது அன்று போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு, சீப்பு உட்காரும் இடத்திலிருந்து டேப்பை முதுகு வழியே தொங்கவிட வேண்டும்.

முழங்கை, விரல்நுனி, கதீட்ரல்

வெய்லின் கீழ் விளிம்பு உடம்பில் எங்கே முடிகிறதோ, பார்ப்பவர் கண் அங்கேதான் போய் நிற்கும். முழங்கை நீள வெய்ல் (25 முதல் 30 அங்குலம்) இடுப்பருகே முடியும். இடுப்பிலிருந்து குடையாக விரியும் கவுனுக்கு அது கச்சிதம், ஏனென்றால் பாவாடை தொடங்கும் இடத்திலேயே வெய்லும் முடிந்துவிடுகிறது. உடலோடு ஒட்டிய கவுனில் அதே விளிம்பு இடுப்பின் அகலமான பகுதியில் குறுக்குக்கோடு போட்டதுபோல விழும். அங்கே விரல்நுனி நீளம் (36 முதல் 42 அங்குலம்) இடுப்பைத் தாண்டி முடிவதால் உருவத்தை வெட்டாது. எதை எடுப்பது என்று புரியாதவர்களுக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு. நடக்க, உட்கார, கட்டிப்பிடித்து வாழ்த்துபவர்களுக்கு நடுவே நிற்க, எதற்கும் இடைஞ்சல் இல்லை.

தரையில் நீளமாக இழுபடும் கதீட்ரல் வெய்ல் 108 அங்குலத்துக்குக் குறையாது. புகைப்படத்தில் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் கவுனின் ட்ரெயிலோடு அதைப் பொருத்திப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வெய்ல் ட்ரெயிலைத் தாண்டிக் குறைந்தது 6 அங்குலமாவது நீள வேண்டும், இல்லையென்றால் தெளிவாகக் குட்டையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தால் அளவு தவறித் தைத்ததுபோலத் தெரியும். 2011இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டன் 2.7 மீட்டர் ட்ரெயிலுக்குக் குட்டை வெய்லே போட்டார். கவுனின் பின்பக்கம் மறையாமல் முழுதாகத் தெரிந்தது. 2018இல் அவர் தம்பி ஹாரியை மணந்த மேகன் மார்க்கல் எளிமையான கவுன் அணிந்து, வேலைப்பாடு முழுவதையும் 5 மீட்டர் வெய்லில் வைத்தார். இரண்டும் சரியான முடிவுகள், ஏனென்றால் இரண்டிலும் ஒன்றுதான் முன்னுக்கு நின்றது.

மேகனின் வெய்லைப் பின்னால் இரண்டு சிறுவர்கள் தூக்கி வந்ததையும் மறந்துவிடாதீர்கள். கதீட்ரல் வெய்ல் கம்பளத்தில் உரசும்போது அந்த இழுப்பு முழுவதும் தலையிலுள்ள சீப்புக்குத்தான் போகிறது. ஓரத்தை யாராவது மிதித்துவிட்டால் சீப்போடு கொண்டையும் கலையும். புல்தரையிலும் கருங்கல் தரையிலும் வெய்லின் நெட் (வலைத்துணி) சிக்கிக் கிழியும். ஆகவே பின்னால் தூக்கி வந்து சரிசெய்ய ஒரு ஆள் உறுதியாக இருந்தால் மட்டும் இதை எடுங்கள். சடங்கு முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

இடைப்பட்டதில், கெண்டைக்கால் வரை வரும் வால்ட்ஸ் நீளம் தரை தொடும் கவுனுக்குப் பாதியில் நின்றதுபோல இருக்கும். கணுக்கால் தெரியும் கவுனுக்கு நன்றாகப் பொருந்தும்.

மான்டில்லாவும் டிராப் வெய்லும்

இரண்டிலும் கொசுவம் கிடையாது, தலையில் தட்டையாகப் படியும். ஆனால் குணம் வேறு. ஸ்பெயினின் மான்டில்லாவுக்கு உயிரே ஓரத்து லேஸ்தான். அது முகத்தைச் சுற்றி ஒரு சட்டம்போல வரும். முகத்தை மூடாது. கவுனிலும் லேஸ் இருந்தால் இரண்டு லேஸின் பூவேலையும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று கெடுக்கும். லேஸ் கனமானதால் நடுவில் ஒரு சீப்பு போதாது. காதுக்குச் சற்று மேலே இரு பக்கமும் பின் குத்தாவிட்டால் அரை மணி நேரத்தில் பின்னால் நழுவத் தொடங்கும்.

டிராப் வெய்ல் ஒரே துண்டு நெட். தலைக்கு முன்னால் 28 முதல் 30 அங்குலம் மடிந்து முகத்தை மூடும், மீதி பின்னால் விழும். கண்ணுக்கு மிக மென்மையாக இருக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், முகத்திரையைத் தூக்கும்போது. சீப்போ பின்னோ மறைவாக இல்லாவிட்டால் உச்சியில் பளிச்சென்று தெரியும். மென்மையான துணியாக இல்லாவிட்டால் கூடாரம்போல விறைத்து நிற்கும்.

முகத்தைப் பாதி மறைக்கும் வலைக்கூண்டு வகை குட்டைக் கவுனுக்கும் பதிவுத் திருமணத்துக்கும் நல்லது.

துணியும் பிடிமானமும்

நைலான் நெட் விறைப்பாக நிற்கும். அதனால் கொசுவம் வைத்த, உப்பலான வெய்லுக்கு அது சரி. 72 அங்குல அகலத்தை 4 அங்குலச் சீப்புக்குள் சுருக்கினால் நடுத்தர உப்பல் வரும். 108 அங்குல அகலம் நல்ல அடர்த்தி தரும். இரண்டு வரி ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்துச் சுருக்க வேண்டும், ஒரு வரி அறுந்தாலும் மற்றது தாங்கும். சில்க் நெட் உடலோடு வழியும், டிராப் வெய்லுக்கும் மான்டில்லாவுக்கும் அதுவே பொருத்தம். ஆனால் மோதிரக்கல் பட்டாலே இழை போகும்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், கவுனின் மேல் விரித்தே பாருங்கள். ஐவரி கவுன் மேல் தூய வெள்ளை வெய்ல் விழுந்தால் கவுன் பழசாகி மஞ்சளித்ததுபோலத் தெரியும்.

அன்றே குளித்து வழுவழுப்பாக இருக்கும் முடியில் சீப்பு நிற்காது. சீப்பு போகும் இடத்தில் முடியை லேசாக நுனியிலிருந்து வேரை நோக்கிச் சீவி உப்பவைத்து, இரண்டு ஹேர்பின்களைப் பெருக்கல் குறிபோலக் குத்துங்கள். சீப்பின் பற்களை அந்தப் பின்களுக்கு அடியில் நுழைத்தால் அசையாது. சீப்பின் இரு முனையிலும் நூலால் சிறு கண்ணி தைத்து, அதன் வழியே ஒவ்வொரு பின் குத்தினால் வெளியரங்கக் காற்றுக்கும் தாங்கும்.

மடிப்பு போக இரண்டு மூன்று நாள் முன்பே உயரத்தில் தொங்கவிட்டு, தள்ளி நின்று ஆவி காட்டுங்கள். நைலானில் சூடான இஸ்திரிப் பெட்டி நேரடியாகப் பட்டால் அந்த இடம் உருகி ஓட்டையாகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் மேலே பருத்தித் துணி போட்டு, மிகக் குறைந்த சூட்டில், முதலில் ஓரத்து மூலை ஒன்றில் சோதித்துவிட்டுத் தேயுங்கள்.