68,500 ரூபாய்க்கு ஒரு பலகை

ரேஸ் காரைக் காற்றால் தரையோடு அமுக்குவதற்காகப் பின்னால் மாட்டுகிற பலகைக்கு விங் என்று பெயர். அதை எனக்கு விற்ற கடையிலிருந்து நேற்று சாயங்காலம் வந்த பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஏனுங்ணா, சாமான் கொடுத்தாச்சு. உங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னா நாங்க என்னங்க பண்றது?" அதோடு போன் கட். மறுபடி அடித்தால் பிஸி, பிஸி, பிஸி. நம்பரைத் தடுத்துவிட்டார்கள் என்று புரிய எனக்கு அரை மணி நேரம் ஆனது. 68,500 ரூபாய் போச்சு. வயிறு எரிகிற சூட்டோடு எழுதுவதால் முன்பின்னாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட் கடைசல்தான் பிழைப்பு. நானும் அத்தை மகனும் நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி ஒரு ரேஸ் கார் கட்டினோம். பைப் வளைத்து வெல்டிங் செய்த சட்டம், சீட்டுக்குப் பின்னால் பழைய எஸ்டீம் 1300 இன்ஜின், மேலே ஃபைபர் பாடி. பருப்பு மண்டியில் இரவல் வாங்கிய நாலு டிஜிட்டல் தராசில் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து நிறுத்தினோம். நான் உட்கார்ந்த நிலையில் 610 கிலோ, முன்னால் நூற்றுக்கு 42, பின்னால் 58. கோயமுத்தூரில் இதெல்லாம் அதிசயம் இல்லை. மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கட்டிய கரிவரதன் இந்த ஊர்க்காரர்தான். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

அந்த டிராக்கில் 140-ஐத் தாண்டினால் எங்கள் வண்டியின் பின்பக்கம் மிதந்தது. வளைவில் திருப்பினால் வால் ஆடும். சரி, ஒரு விங் போடலாம் என்று தேடும்போதுதான் இந்தக் கடை கண்ணில் பட்டது. பெயர் போட மாட்டேன். வீடியோ போட்டு ஆர்டர் பிடிக்கிற கார் மாடிஃபிகேஷன் கடை, அவ்வளவுதான்.

நான் ஏமாந்த இடம் எது என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். விலை இல்லை, வீடியோ இல்லை. அந்த ஆள் எங்கள் பட்டறைக்கே வந்தார். வெள்ளைச் சட்டையோடு கூச்சமில்லாமல் தரையில் படுத்து, டேப் வைத்து வண்டியின் அடிப்பாகத்தை அளந்தார். அளவுகளை நோட்டில் எழுதினார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவியே வைத்தார். அளக்கிறவனை நம்புவது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். அப்புறம் லேப்டாப்பைத் திறந்தார். எங்கள் வண்டி மாதிரியே ஒரு படம், மேலெல்லாம் சிவப்பும் நீலமும் பச்சையும். "சிவப்பு இருக்கற எடமெல்லாம் பிரஷருங்ணா. நூறு கிலோமீட்டர் வேகத்துல 120 கிலோ அமுக்குமுங்க. முன்னாடி மூக்குக்கு அடியில தட்டையா ஸ்ப்ளிட்டர்னு ஒரு பலகை போட்டுட்டா பேலன்ஸ் கச்சிதமா ஒக்காந்துக்கும்." என் அத்தை மகன் வாயைப் பிளந்துவிட்டான். நானும்தான்.

அந்த 120 கிலோவை அன்றே ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், விங்கின் பரப்பு, அதன் குணகம் (அந்த வடிவம் காற்றை எவ்வளவு அமுக்கமாக மாற்றும் என்கிற எண்), இந்த நாலையும் பெருக்கினால் விடை நியூட்டனில் வரும், அதை 9.8-ஆல் வகுத்தால் கிலோ. 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர். எங்கள் விங் 1.4 மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம், ஆக 0.35 சதுர மீட்டர். ஒற்றை விங்குக்குக் குணகம் 1.3 என்று தாராளமாகவே வைத்தாலும் 21 கிலோ வரும், அவ்வளவுதான். 120 வர வேண்டுமானால் குணகம் 7-க்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு நான் சொன்னது, "ஜிபேயா, கேஷா?"

40,000 ஜிபேயில், மீதி 28,500 கையில். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணம். பில் கேட்டேன். "பில்லுன்னா 18 பர்சன்ட் சேத்திப் போடோணுமுங்க, உங்களுக்குத்தான் நட்டம்" என்றார். 12,330 ரூபாய் மிச்சம் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு.

பதினைந்து நாளில் வருவதாகச் சொன்ன சாமான் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. கார்பன் ஃபைபர் என்று சொன்ன விங்கை ஒரு கையால் தூக்க முடியவில்லை. "ரேஸுக்குன்னு ஸ்ட்ராங்கா பண்ணியிருக்குதுங்க." ஸ்ப்ளிட்டரைத் தட்டினால் கடை போர்டு அடிக்கிற ஷீட் மாதிரி சத்தம். விங்கின் கால்களை டிக்கி மூடியிலேயே போல்ட் போடச் சொன்னார்கள். அங்கேயாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். காற்று அமுக்குகிற பாரம் சட்டத்துக்குப் போகாமல் ஃபைபர் மூடியில் நின்றால் என்ன ஆகும்? 1969 ஸ்பானிஷ் கிராண்ட் பிரீ கார் பந்தயத்தில் ஓட்டிய கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இரண்டு பேரின் லோட்டஸ் வண்டிகளிலும் ஒரே நாளில் விங் முறிந்து விபத்தானது. அதற்கப்புறம்தான் உயரக் காலில் நிற்கிற விங்குகளைத் தடை செய்தார்கள். இதையெல்லாம் படித்தவன்தான் நானும். படித்து என்ன பிரயோசனம்.

டிராக் அன்று ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்காமல் கட்டி வைத்தோம். ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறதோ அதுவரை டை நகர்ந்து நின்றுவிடும். விங் இல்லாமல் ஒரு ஓட்டம், விங்கோடு ஒரு ஓட்டம், இரண்டிலும் நேர்பாதையில் 130. அந்த ஆள் சொன்ன கணக்குப்படி 130-இல் 200 கிலோ அமுக்கி, எங்கள் ஸ்பிரிங் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கியிருக்க வேண்டும். வித்தியாசம் 3 மில்லி.

அது போகட்டும், இதற்கு முன்னால் திரும்பிக்கொண்டிருந்த மூக்கு இப்போது திரும்பவே இல்லை. ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி நேராகவே போகிறது. விங்கைப் பின் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே அமுக்கினால் சீ-சா பலகை மாதிரி முன்பக்கம் தூக்கும். அதை ஈடுகட்ட வேண்டிய ஸ்ப்ளிட்டர் மூன்றாவது சுற்றிலேயே வளைந்து தாரில் உரசி, நாலாவது சுற்றில் பாதி உடைந்து எங்கோ போய்விட்டது. எனக்குப் பின்னால் வந்தவர் நல்லவேளையாக விலகிப் போனார். பிட்டில் வந்து பார்த்தால் டிக்கி மூடியில் போல்ட்டைச் சுற்றிக் கீறல் விட்டிருந்தது.

மிச்சத்தை வீட்டில் என் அத்தை மகன்தான் கண்டுபிடித்தான். விங்கைக் குறுக்கே அறுத்தோம். உள்ளே தெர்மாகோல், நடுவில் பிளைவுட் கட்டை, மேலே கார்பன் டிசைன் ஸ்டிக்கர். அறுத்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "மாமா, வளைவு மேல இருக்குது" என்றான். ஏரோப்ளேன் இறக்கை மாதிரி மேலே வளைவு, கீழே தட்டை. வண்டியை அமுக்குகிற விங்கில் வளைவு கீழே இருக்க வேண்டும். மூக்கைக் கீழே சாய்த்து மாட்டியதால்தான் அந்த 3 மில்லியாவது கிடைத்தது. பம்ப் ஊரில் பிறந்து, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைத் திருப்பி மாட்டினால் தண்ணீர் சரியாக ஏறாது என்று தெரிந்த நான், 68,500 ரூபாய் கொடுத்துத் தலைகீழ் இறக்கையை வாங்கி வந்திருக்கிறேன்.

அப்புறம் சால்ஜாப்பு. முதல் போனில், "வெயிலுங்ணா, காத்து லேசாயிருச்சு." 15 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் காற்றின் அடர்த்தியில் வித்தியாசம் நூற்றுக்கு ஏழுதான் ஐயா. இரண்டாவது போனில், "வீடியோ அனுப்புங்க, டீம் பாக்கோணும்." அனுப்பினேன், பார்த்ததற்கான நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவது தடவை நேரில் போனேன். டீம் என்று சொன்னது ஒரு பையன், ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தான். "ஓனர் பழனி போயிருக்காருங்க." நாலு நாள் கழித்துப் போனபோதும் பழனிதான். பாத யாத்திரையே போய்த் திரும்பியிருக்கலாம். அந்தப் பையனிடம் அந்த லேப்டாப் படத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினான். கீழே வேறு ஏதோ வண்டியின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வண்டியை அளந்த நோட்டைக் கேட்டேன். "எந்த நோட்டுங்க?"

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். முதலில் கேட்டது பில். ஜிபே ரசீதில் 40,000 இருக்கிறது, கையில் கொடுத்த 28,500-க்குச் சாட்சி என் அத்தை மகனும் அம்மாவின் காபி டம்ளரும்தான்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். எத்தனை கிலோ அமுக்கும் என்று சொன்னால், எந்த வேகத்தில், எவ்வளவு பரப்பில் என்று கேட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். விங்கின் கால் சட்டத்தில் நிற்க வேண்டும், ஸ்ப்ளிட்டர் மேல் ஓர் ஆள் ஏறி நின்றால் தாங்க வேண்டும். பின்னால் மட்டும் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். கலர் படத்தை நம்பாதீர்கள்.

கடை பெயரைக் கமெண்டில் கேட்காதீர்கள், கேஸ் போடுவார்கள். சீட்டுக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி இருக்கிறது.