டெக்கின் மேற்பலகையை மாற்ற வருபவர் கீழே குனிந்து பார்த்தாரா?

ஒன்ராறியோவில் வீட்டின் பின்வளவிலுள்ள பழைய மர டெக்கின், அதாவது திறந்த மரத்தளத்தின், மேற்பலகைகளைக் கழற்றிவிட்டு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கொம்போசிட் பலகை போட எண்ணியிருப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டு வேலையைச் செய்த ஒப்பந்தகாரர் முற்பணத்துடன் ஓடிவிடவில்லை. சொன்ன நாளில் வந்து, வேலையை முடித்து, முற்றத்தையும் கூட்டிவிட்டுத்தான் போனார். ஆகவே எங்களுக்கு வெகுநாள் சந்தேகமே எழவில்லை.

எங்கள் டெக் 1990களில் கட்டப்பட்டது. அதன் மேற்பலகைகள் ஒன்றரை அங்குலத் தடிப்புள்ளவை. அவ்வளவு தடித்த பலகை தளராமல் தாங்கும் என்பதால், அடியிலுள்ள தாங்குமரங்களை, அதாவது ஜொய்ஸ்டுகளை, 24 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். இன்று விற்கப்படும் கொம்போசிட் பலகை பெரும்பாலும் ஒரு அங்குலத் தடிப்பை எட்டுவதில்லை. மரத்தூளையும் பொலிஎதிலீனையும் கலந்து செய்வதால் அதற்கு மரத்தின் விறைப்பும் கிடையாது. நேராகப் பதித்தால் ஜொய்ஸ்டுகளின் இடைவெளி 16 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, 45 பாகையில் சரித்துப் பதித்தால் 12 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பதே தயாரிப்பாளர்கள் வழக்கமாக விதிக்கும் அளவு.

விலை சொல்ல வந்தவர் டெக்கின் மேல் நடந்து நீள அகலம் அளந்தார். கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அடிச்சட்டம் எல்லாம் நல்லா இருக்கு அண்ணை, மேற்பலகையை மட்டும் மாத்தினாக் காணும். இருபத்தைஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை" என்றார். அவர் காட்டிய மாதிரித் துண்டு நான்கு பக்கமும் பிளாஸ்டிக் மேலுறை கொண்டது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதோ "உயர்தரக் கொம்போசிட், 25 ஆண்டு உத்தரவாதம்" என்பது மட்டுமே. நிறுவனத்தின் பெயரும் இல்லை, பலகையின் வகையும் இல்லை. பதிக்கப்பட்டது அடிப்பக்கத்தில் உறையில்லாத மலிவான வகை. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

முதற்கோடையிலேயே ஜொய்ஸ்டுகளுக்கு நடுவே பலகைகள் தொய்ந்து, மழை பெய்தால் அந்தக் குழிகளில் நீர் தேங்கத் தொடங்கியது. தடித்த பலகை போய் மெல்லிய பலகை வந்ததால் தளம் அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்துவிட, கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாகி, வருகிறவர்களெல்லாம் அங்கே கால் தடுக்குகிறார்கள். ஒப்பந்தகாரரைக் கேட்டால், கொம்போசிட் வெயிலுக்கு அப்படித்தான் என்றார். பலகை தயாரித்த நிறுவனத்துக்கு எழுதியபோது, அளவுநாடாவை ஜொய்ஸ்டுகளின் குறுக்கே வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். படத்தைப் பார்த்ததும், விதிக்கப்பட்ட இடைவெளி மீறப்பட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது.

பிறகு அழைத்த தச்சர் இரண்டொரு பலகைகளைக் கிளப்பிக் காட்டினார். பழைய ஆணித் துளைகளைச் சுற்றி ஜொய்ஸ்டுகளின் மேல்விளிம்பு உக்கியிருந்தது. உக்கிய இடங்களில் ஒட்டுப்போட்டிருந்த புதிய மரத்தில் சாதாரணத் திருகாணிகள் ஏற்கெனவே துருவேறியிருந்தன. 2003இன் முடிவுடன் வீட்டுப் பாவனை மரங்களில், உக்காமலிருக்க ஊட்டும் ஆர்சனிக் கலந்த பதனம் கைவிடப்பட்ட பின்னர் வந்த பதனங்களில் செம்பு அதிகம். அது சாதாரண இரும்பை விரைவில் அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணியோ துருப்பிடிக்காத உருக்கோதான் அதற்குத் தாக்குப்பிடிக்கும். இதை அறியாத தச்சுவேலைக்காரர் இந்த நாட்டில் இருக்க முடியுமா என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: கழற்றிய பழைய பலகைகளில் ஒரு கட்டினை "விறகுக்கு உதவும்" என்று விட்டுப் போயிருந்தார்கள். அந்தக் காலத்துப் பச்சைநிறப் பதனமரத்தை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் இருக்கும். அதை எக்காரணம் கொண்டும் எரிக்கக்கூடாது.

கொம்போசிட் ஆகாது என்று நான் சொல்லவில்லை. அடிச்சட்டத்தில் கைவைக்க வசதியில்லாதவர், அந்தச் சட்டம் உறுதியாக இருக்கும் பட்சத்தில், பழைய தடிப்பிலேயே பதனிட்ட மரம் போடுவதே பொருத்தம் என்பது என் கருத்து. கொம்போசிட்தான் வேண்டுமென்றால், 24 அங்குல இடைவெளி ஒவ்வொன்றின் நடுவிலும் இன்னொரு ஜொய்ஸ்ட் சேர்த்து அதை 12 அங்குலமாக்கலாம். அந்தச் செலவையும் சேர்த்தே விலையைக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதிய ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச்செய்ய ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. மதிப்பிட்ட தொகைக்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக அறவிடவும் அதே சட்டம் தடைவிதிக்கிறது.

சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். இரண்டாவது தச்சர் டெக்கின் அடியில் படுத்து ஊர்ந்து பார்த்த பிறகே விலை சொன்னார். பலகையின் நிறுவனம், வகை, உறையுள்ள பக்கங்கள், ஜொய்ஸ்ட் இடைவெளி, ஆணியின் தரம், பலகை முனைகளுக்கிடையே விடும் இடைவெளி எல்லாம் அவருடைய தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் விசாரணை முடியும்வரை தொய்ந்த பலகைகள்தான் எங்களுக்குச் சான்று என்பதால், அவரை இன்னும் வேலைக்கு அழைக்க முடியவில்லை.