எஃபெசஸா, அஃப்ரோடிசியாஸா? காரில் போகிறவர்களுக்கு என் சிபாரிசு

துருக்கியின் மேற்குப் பகுதியில் கார் எடுத்துக்கொண்டு ரோமானிய இடிபாடுகள் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது எஃபெசஸைத்தான். நாங்கள் அதையும், அஃப்ரோடிசியாஸ் என்ற இன்னொரு பழைய நகரத்தின் இடிபாடுகளையும் பார்த்தோம். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் அஃப்ரோடிசியாஸ் பக்கம் வண்டியைத் திருப்புவேன்.

எஃபெசஸின் பெருமை எல்லாருக்கும் தெரியும். செல்சஸ் நூலகத்தின் முகப்பு, ஏறக்குறைய 25,000 பேர் உட்காரக்கூடிய அரங்கு. பைபிளில் எபேசு என்று வருவது இந்த ஊர்தான். அங்கே பவுலுக்கு எதிராக வெள்ளித் தட்டார்கள் கலகம் செய்தார்களே, அது இந்த அரங்கில்தான். எபேசியர் நிருபம் படித்து வளர்ந்தவர்கள் இங்கேதான் போக வேண்டும், அவர்களிடம் எனக்கு வாதமே இல்லை. மலைச்சரிவில் இருக்கும் பணக்காரர்களின் வீடுகளுக்குத் தனி டிக்கெட், ஆனால் அந்தச் சுவர் ஓவியங்களுக்கும் தரை மொசைக்குக்கும் ஈடாக அஃப்ரோடிசியாஸில் எதையும் நான் பார்க்கவில்லை. பக்கத்துத் துறைமுகமான குஷாதாசியில் சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாளாக இருந்தால் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக நகர வேண்டியிருக்கும். அப்புறம், எஃபெசஸுக்குக் காரே தேவையில்லை, இஸ்மிர் நகரத்திலிருந்து எஃபெசஸை ஒட்டிய செல்ச்சுக் ஊர் வரை ரயில் இருக்கிறது.

அஃப்ரோடிசியாஸ் அப்படியில்லை. செல்ச்சுக்கிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். மெண்டெரெஸ் ஆற்றுச் சமவெளியில் அத்தித் தோப்புகளைத் தாண்டி, நாஸில்லி பக்கம் தெற்கே திரும்பி, கராஜாசு வழியாக கெய்ரே கிராமத்துக்குப் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் நாள் போய்விடும், கார் இருப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது நமக்கு முதலில் சிரமம், ஆனால் நெடுஞ்சாலை அகலமானது, சீக்கிரம் பழகிவிடும்.

சரி, தூரத்தையும் கூட்டத்தையும் விடுங்கள். என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு விஷயம்: தோண்டி எடுத்த சிற்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பது. எஃபெசஸில் 1896க்கும் 1906க்கும் இடையில் கிடைத்தவற்றில் பெரும் பங்கு ஆஸ்திரியாவுக்குக் கப்பலேறிவிட்டது. செல்சஸ் நூலக முகப்பின் மாடங்களில் நிற்கும் பெண் சிலைகள் நகல்கள்தான், அசல் வியன்னாவில். ஆர்ட்டெமிஸ் தேவதையின் கோயில் தூணின் செதுக்கிய துண்டு லண்டனில். புகழ்பெற்ற ஆர்ட்டெமிஸ் சிலைகள் மட்டும் செல்ச்சுக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அதுவும் இடிபாடுகளை விட்டு வெளியே வந்து போய்ப் பார்க்க வேண்டியது. அஃப்ரோடிசியாஸில் பெரிய அளவில் அகழாய்வு தொடங்கியதே 1961இல், தொல்லியலாளர் கெனான் எரிம் தலைமையில். வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பும் காலம் அதற்குள் முடிந்துவிட்டதால் கிடைத்ததில் பெரும்பாலானவை அந்த வளாகத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. பேரரசர்களை வழிபடக் கட்டிய செபாஸ்டெயானின் தெருவில் நடந்துவிட்டு, சற்று தள்ளியிருக்கும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் அதே சுவரில் இருந்த புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன: தோற்ற நாடுகளைப் பெண்களாகச் செதுக்கியிருக்கிறார்கள், கீழே விழுந்த பிரித்தானியாவின் தலைமுடியைப் பிடித்திருக்கும் பேரரசர் கிளாடியஸ், துவண்டுபோன ஆர்மீனியாவைத் தூக்கிப் பிடித்திருக்கும் நீரோ. பளிங்கு வெட்டியெடுத்த குவாரியும் ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில்தான். செதுக்கி முடிக்காமல் விட்ட சிலைகள்கூட இருக்கின்றன, உளி பட்ட தடம் தெரிகிறது. கல் வந்த மலை, செதுக்கிய பட்டறை இருந்த இடம், சிலை நின்ற கட்டிடம், சிலை எல்லாமே ஒரே நடையில் பார்க்கக் கிடைப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

விளையாட்டரங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுமார் 270 மீட்டர் நீளம், இரண்டு முனையும் வளைந்து மூடியது, 30,000 பேர் உட்காரலாம். இருக்கை வரிசைகள் கிட்டத்தட்ட முழுசாக இருக்கின்றன. நாங்கள் போனபோது உள்ளே எங்களைத் தவிர ஓரிரண்டு பேர்தான். எரிமின் கல்லறையும் இந்த வளாகத்தில்தான், டெட்ராபிலான் வாயிலுக்குப் பக்கத்தில்.

நாங்கள் போனது வசந்த காலத்தில். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது, ஆனால் இரண்டு இடத்திலும் திறந்தவெளி நடை நிறைய. வயதானவர்கள் கூட வந்தால் எஃபெசஸில் மேல் வாசலில் இறங்கிச் சரிவில் நடப்பது சுலபம், கார் ஓட்டுகிறவர்தான் கீழ் வாசலிலிருந்து திரும்பிப் போய் வண்டியை எடுக்க வேண்டும். அஃப்ரோடிசியாஸ் போனால் இரவு தங்க பமுக்கலே பக்கம் போய்விடுங்கள், அங்கிருந்து மறுநாள் ஹியராபொலிஸ் என்ற பழைய நகரத்தையும் பார்த்துவிடலாம்.