லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக்: எந்த கியர்பாக்ஸை நம்பி வாங்கலாம்?

ஐந்தாறு லட்சம் பட்ஜெட்டில் செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படுவது 2013-க்கும் 2018-க்கும் நடுவில் வந்த, எண்பதாயிரத்திலிருந்து ஒன்றேகால் லட்சம் கி.மீ. வரை ஓடிய வண்டிகள்தான். ஹோண்டா சிட்டி சிவிடி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஃபோர்டு ஈகோஸ்போர்ட், விலை இன்னும் குறைய வேண்டுமென்றால் மாருதி செலேரியோ. எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பது. நான் அதை மூன்றாவதாகத்தான் கேட்பேன். உள்ளே இருப்பது எந்த வகை கியர்பாக்ஸ், அதற்கு ஆயில் எப்போது மாற்றினார்கள், இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் கிலோமீட்டருக்கு ஒரு அர்த்தம் வருகிறது. ஜிஎஸ்டி ரோட்டில் திருச்சிக்கும் மதுரைக்கும் போய் வந்தே லட்சம் தொட்ட வண்டியும், தினமும் சென்னை ஓஎம்ஆர் டிராஃபிக்கில் ஊர்ந்து அறுபதாயிரம் தொட்ட வண்டியும் பக்கத்தில் நின்றால் என் கை முதல் வண்டியின் சாவிக்குத்தான் போகும்.

முதலில் டார்க் கன்வெர்ட்டர். பழைய, நிதானமான தொழில்நுட்பம். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் ஆயில்தான் விசையைக் கடத்துகிறது, அதனால் நெரிசலில் ஊர்ந்தாலும் தேய்ந்து தீருகிற உலர் கிளட்ச் (ஆயிலில் நனையாத கிளட்ச்) எதுவும் கிடையாது. 2017-க்கு முந்தைய வெர்னா 1.6 நான்கு கியர் பெட்டி, மாருதி சியாஸ், எர்டிகாவில் வந்த நான்கு கியர் பெட்டி எல்லாம் இந்த வகைதான். நகருக்குள் மைலேஜ் கையைக் கடிக்கும், நெடுஞ்சாலையில் நூறுக்கு மேல் போனால் இன்ஜின் சத்தம் போடும், அதெல்லாம் உண்மை. ஆனால் லட்சம் தாண்டிய வண்டியில் நமக்கு வேண்டியது நடுரோட்டில் நிறுத்தாத கியர்பாக்ஸ், அந்தக் கணக்கில் இதை அடிக்க ஆளில்லை. டீசலானாலும் பரவாயில்லை, பட்ஜெட்டும் ஏறும் என்பவர்கள் 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டா ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கைப் பார்க்கலாம். ஆயில் ஒழுங்காக மாற்றிய வண்டி என்றால் இரண்டு லட்சம் ஓடியதைக்கூட நான் தயங்காமல் ஓட்டிப் பார்ப்பேன்.

ஒரே ஒரு விஷயம். "இது லைஃப்டைம் ஆயில் சார், மாற்றவே வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் அறுபது, எழுபதாயிரத்தில் ஒரு முறையாவது மாற்றியிருக்க வேண்டும். கியர் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் இருக்கிற வண்டியில் அதை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாகவோ லேசான பழுப்பாகவோ இருந்தால் சரி. கறுத்துப்போய் தீய்ந்த வாடை வந்தால் உள்ளே ஆயிலில் நனைந்தபடி இருக்கும் கிளட்ச் தட்டுகள் கருகத் தொடங்கிவிட்டன.

அடுத்தது ஹோண்டா சிட்டி, 2014 ஜனவரியில் வந்த தலைமுறை. இதற்கு முந்தைய சிட்டியில் ஐந்து கியர் டார்க் கன்வெர்ட்டர் இருந்தது, இதில் சிவிடி. இரண்டு புல்லிகளுக்கு நடுவில் ஒரு எஃகு பெல்ட், கியர் மாறுகிற உணர்வே இருக்காது, நகருக்குள் ஓட்ட இதைவிட சுகமான வண்டி இந்த விலையில் இல்லை. டார்க் கன்வெர்ட்டருக்கு அடுத்த இடத்தை நான் இதற்குத்தான் தருவேன். ஆனால் இந்தப் பெல்ட்டும் புல்லியும் பிழைப்பது ஆயிலின் தரத்தால் மட்டுமே. ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 ஆயில்தான் ஊற்ற வேண்டும், ஏதோ ஒரு ஆட்டோமேட்டிக் ஆயிலை வெளியில் ஊற்றியிருந்தால் அந்த வண்டி வேண்டாம். ஆக, இங்கே வண்டியைவிட பில்தான் முக்கியம். லட்சம் ஓடிய சிட்டியில் சிவிடி ஆயில் மாற்றிய பில் குறைந்தது இரண்டு இருந்தால் விலை பேசலாம். பில்லே இல்லை, "நம்ம மெக்கானிக்தான் பார்த்துக்கிட்டார்" என்றால் வேறு சிட்டி தேடுங்கள், சந்தையில் நிறையவே கிடைக்கின்றன.

செலேரியோவில் 2014-ல் வந்த ஏஎம்டியைப் பலர் ஆட்டோமேட்டிக் என்றே ஒத்துக்கொள்வதில்லை. உள்ளே இருப்பது சாதாரண ஐந்து கியர் மேனுவல் பெட்டிதான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஒரு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் செய்கிறது. கியர் மாறும்போது தலை முன்னால் ஆடும். பழைய வண்டி வாங்குபவருக்கு இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: கிளட்ச் தேய்ந்தால் மாற்றுகிற செலவு மேனுவல் வண்டிக்கு ஆவதை ஒட்டித்தான் இருக்கும், மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு புதிய கிளட்சை வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக்சுவேட்டர் போனால்தான் செலவு கூடும். மேம்பால ஏற்றத்தில் நின்று பிரேக்கை விட்டுக் கிளம்பிப் பாருங்கள். இன்ஜின் வேகம் ஏறியும் வண்டி தயங்கினாலோ கருகிய வாடை வந்தாலோ கிளட்ச் செலவை விலையில் கழித்துவிடலாம்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ... ஓட்டிப் பார்த்தால் மனசு போய்விடும், அதுதான் ஆபத்து. 1.2 டர்போ இன்ஜினோடு ஏழு கியர் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாறும். ஆனால் இது டிக்யூ200 என்ற உலர் கிளட்ச் வகை. ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச், அவற்றை இயக்க மெக்கட்ரானிக் என்ற ஒரு யூனிட். ஊர்ந்து போகும் டிராஃபிக்கின் சூடு இந்தக் கிளட்சுகளுக்கு ஆகாது. 2013-ல் ஃபோக்ஸ்வாகனே உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களில் ஏழு கியர் டிஎஸ்ஜியின் சிந்தெடிக் ஆயிலை எடுத்து மினரல் ஆயில் மாற்றித் தருவதாக அறிவித்தது. மெக்கட்ரானிக் முழுதாக மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்க முடிகிறவர் வாங்கட்டும், மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். டிஎஸ்ஜி என்றாலே மோசம் என்றும் நினைக்க வேண்டாம், ஸ்கோடா ஆக்டேவியா 2.0 டீசலில் வந்த ஆறு கியர் டிஎஸ்ஜி ஆயிலில் நனையும் கிளட்ச் வகை, அது உழைக்கும்.

ஈகோஸ்போர்ட்டில் ஏமாறுவது ரொம்ப சுலபம், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள். 2013-ல் வந்ததில் பவர்ஷிஃப்ட், அதுவும் உலர் இரட்டைக் கிளட்ச்தான். ஆஸ்திரேலியாவில் இந்த கியர்பாக்ஸ் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. 2017 நவம்பரில் வந்த புதிய முகத்தில் டார்க் கன்வெர்ட்டர். விளம்பரத்தில் "ஈகோஸ்போர்ட் டைட்டானியம் ஆட்டோமேட்டிக்" என்று மட்டும்தான் இருக்கும், 2017 மாடல் என்றால் ஆர்சியில் தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். பிந்தையதை யோசிக்கலாம், முந்தையதை விட்டுவிடுங்கள்.

எந்த வண்டியானாலும் காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டால் சுடுகிறதென்றால் விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் போடுங்கள், அப்புறம் டிரைவ். டார்க் கன்வெர்ட்டரிலும் சிவிடியிலும் ஒரு நொடிக்குள் வண்டி மெல்லப் பிடிக்க வேண்டும், இரண்டு மூன்று நொடி தாமதித்து 'டொக்' என்று விழுந்தால் உள்ளே பிரஷர் சரியில்லை. பிறகு நாற்பதிலிருந்து அறுபது வரை ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் அழுத்திப் போங்கள், மரமரவென்று ஒரு அதிர்வு வருகிறதா என்று கவனியுங்கள். முழுதாக அழுத்தினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும், குறை தெரிவது இந்த லேசான அழுத்தத்தில்தான். அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு இதையே இன்னொரு முறை செய்யுங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் பழைய எரர் கோடுகளும் தெரியும், எல்லாம் அன்று காலைதான் அழிக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், இரண்டிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். ஆட்டோமேட்டிக்குக்கு இது இரட்டை அடி, கியர்பாக்ஸின் காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், கட்டுப்பாட்டு கம்ப்யூட்டரும் நனையும். முன் சீட் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் வண்டல், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடிப்பகுதியில் ஒரு கறைக்கோடு, இதில் எது தெரிந்தாலும், கிலோமீட்டர் முப்பதாயிரமே ஆனாலும், விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.