காட்பாடி ஸ்பெஷல் டீம்ஸ் வகுப்பு: ஆறு வாரத்துக்கு 4,500 ரூபாய் தரலாமா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் உதையின் தூரத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற ஆசையில் இந்த வகுப்புக்குக் கிளம்புகிறவர்கள் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டாமலே வேலூருக்குத் திரும்பிவிடலாம். சனியும் ஞாயிறுமாகப் பன்னிரண்டு காலை. அதில் உதைப்பதற்கென்று ஒதுக்கியது மூன்றுதான். மிச்சமெல்லாம் பந்தைக் காலிடுக்கு வழியே பின்னால் எறிவது, பிடிப்பது, தரையில் நிறுத்துவது, எதிராளியை இரண்டு நொடி நிறுத்தி வைப்பது, தலை எண்ணுவது. கேட்கவே அலுப்பாக இருக்கும். கொடுக்கிற காசு செரிப்பதும் அந்த அலுப்பான பகுதியில்தான்.

விவரம் முதலில். காட்பாடிக்குச் சற்று வெளியே ஒரு தனியார் மைதானம். காலை 5:45க்குத் தொடங்கி 8:15க்கு முடிக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டு யாரையும் ஓடவிடக் கூடாது. அதில் மாஸ்டர் கறார். ஒரு பேட்ச்சுக்கு 24 பேர்: பதினொன்றுக்குப் பதினொன்று நிற்க 22, மாற்றாள் இருவர். ஹெல்மெட், கவசம் அவர்களே தருகிறார்கள். மவுத்கார்டு நம்முடையது.

அமெரிக்கன் ஃபுட்பாலில் தாக்கி ஆடும் அணி, தடுத்து ஆடும் அணி என்று இரண்டையும் எல்லோருக்கும் தெரியும். பந்தை உதைக்கும் கட்டம் வந்ததும் உள்ளே இறங்குகிறது மூன்றாவது கூட்டம், அதுதான் ஸ்பெஷல் டீம்ஸ். கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை), கிக்காஃப் ரிட்டர்ன் (அதைப் பிடித்துத் திருப்பி ஓடுவது), பண்ட் (கையிலிருந்து விட்டு எதிரணிப் பக்கம் தூர உதைப்பது), பண்ட் ரிட்டர்ன், ஃபீல்டு கோல் (தரையில் நிறுத்திய பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது), ஃபீல்டு கோல் தடுப்பு என்று ஆறு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் வேறு நிற்கும் வரிசை, வேறு வேலை. ஆட்கள் பெரும்பாலும் மற்ற இரண்டு அணிகளின் மாற்றாட்டக்காரர்கள். இந்தக் கலவையைப் பிடித்து வைத்து வேலை வாங்குவதற்குத் தனியாக ஒரு பயிற்சியாளர் என்ற ஏற்பாடு அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லிலேயே 1969 வாக்கில்தான் வேர்விட்டது. டிக் வெர்மீல், மார்வ் லெவி இருவரும் அந்த வருடம் அந்த வேலைக்கு வந்தவர்கள்; இருவரும் பின்னால் பெரிய தலைமைப் பயிற்சியாளர்களானார்கள்.

இந்த ஆள் தேவையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்கு போதும். 2010இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் தாக்குதலில் அதிக கெஜம் எடுத்த அணி, தடுப்பில் குறைந்த கெஜம் விட்ட அணி. இரண்டிலும் லீக்கிலேயே முதலிடம். முடிவில் 9 வெற்றி, 7 தோல்வி. பிளே ஆஃப் கிடையாது. உதை தொடர்பான ஆட்டங்களில் விட்டதுதான் அவர்களைக் கவிழ்த்தது. அடுத்தது, 2022 ஜனவரி 22, கிரீன் பே. 13 ஆட்டம் ஜெயித்து முதலிடத்தில் இருந்த பேக்கர்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 13–10 என்று தோற்றது. முதல் பாதி முடியும் நேரத்தில் பேக்கர்ஸின் ஃபீல்டு கோல் தடுக்கப்பட்டது. கடைசிக் கால் பகுதியில் அவர்களுடைய பண்ட் தடுக்கப்பட்டு டச் டவுன் (பந்தைக் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) ஆனது. சான் ஃபிரான்சிஸ்கோவின் தாக்குதல் அணி அன்று ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. இத்தனைக்கும் மேல், ஆட்டத்தை முடித்த அந்த 45 கெஜ உதையின்போது பேக்கர்ஸ் பக்கம் களத்தில் நின்றது பத்தே பேர்.

அந்தப் பத்துப் பேர் கதையை மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிடுகிறார். அதோடு விடுவதில்லை. வரிசை நிற்கப் போகும் நேரம் பார்த்து ஒருவரை மட்டும் தண்ணீர் கேன் பக்கம் சைகையில் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். மற்றவர்கள் கவனிக்காமல் பந்தை எறிந்துவிட்டால் விசில், பிறகு “இன்னாப்பா, எண்ணிட்டியா?” என்ற ஒரு கேள்வி, பிறகு எல்லோரும் மைதானத்தை ஒரு சுற்று. மூன்றாவது வாரத்துக்குள் பண்ட் வரிசையில் நிற்கும் ஆள் விரலை நீட்டி எண்ணாமல் வாயைத் திறப்பதில்லை.

வகுப்பின் உயிர் லாங் ஸ்னாப். பண்ட்டுக்குப் பந்து பதினைந்து கெஜம், அதாவது 13.7 மீட்டர், தலைகீழாகக் குனிந்தபடி காலிடுக்கு வழியே போக வேண்டும். எடுத்துக்கொள்ளும் நேரம் 0.8 நொடியைத் தாண்டக் கூடாது. நல்ல கைக்கு 0.75. கால்கள் தோளைவிடக் கொஞ்சம் அகலம், எடை பாதத்தின் முன்பக்கம். வலது கை, பந்தை முன்னால் எறியும்போது பிடிப்பதுபோல விரல்களை லேஸ் (பந்தின் மேல் தெரியும் தையல் கயிறு) மேல் வைத்துப் பிடிக்கும். இடது கை வழிகாட்ட மட்டும். எறிந்து முடித்ததும் இரண்டு உள்ளங்கையும் வெளிப்புறம் பார்க்க வேண்டும். வேப்பமரத்தில் ஒரு பழைய டயரைக் கட்டி, துளையின் நடு தரையிலிருந்து மூன்றடியில் வருமாறு தொங்கவிட்டிருக்கிறார்கள். அதுதான் பண்ட்டரின் இடுப்பு உயரம். 5 கெஜத்திலிருந்து தொடங்கி 7, 10, 15. இருபது எறிதலில் பதினாறு உள்ளே போனால்தான் அடுத்த கோட்டுக்குப் பின்வாங்க அனுமதி.

பிழை பிடிப்பதில் மாஸ்டருக்கு நல்ல கண். பந்து தலைக்கு மேல் பறந்தால் எல்லோரும் கையைக் குறை சொல்வார்கள்; அவர் இடுப்பைப் பார்க்கச் சொல்கிறார். எறியும் கணத்தில் இடுப்பு எழும்பினால் கையும் கூடவே மேலே போய் முடிகிறது. பந்து தரையில் உருண்டால் இடுப்பு தணிந்திருக்கும். பக்கவாட்டில் விலகினால் காரணம் பெரும்பாலும் பயம்: எதிரே நிற்பவன் பாயப் போகிறான் என்று, பந்து கையை விடுமுன்னே தலையைத் தூக்கிவிடுகிறார்கள். இதற்கு மருந்தாக, எதிரே ஒருவரைத் தலையணைக் கவசத்தோடு நிறுத்தி, எறிந்த மறுகணம் இடிக்கச் சொல்கிறார். நான்காவது வாரம் வரை இடி வாங்கிய பிறகு தலை தானாகக் கீழேயே நிற்கிறது.

ஃபீல்டு கோலில் தூரம் ஏழு கெஜம்தான், ஆனால் அங்கே கணக்கு நுணுக்கம். ஹோல்டர் பந்தை நிறுத்தும்போது லேஸ் கம்பத்தைப் பார்க்க வேண்டும். உதைப்பவரின் கால் லேஸில் பட்டால் பந்து வளைகிறது. ஸ்னாப்பில் இருந்து உதை வரை மொத்தம் 1.3 நொடி, ஹோல்டர் அதற்குள் பந்தைத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஒரே வேகத்தில் எறிந்தால் ஏழு கெஜத்துக்குள் பந்து சுழலும் எண்ணிக்கை மாறாது. அதனால் ஹோல்டரின் கைக்கு லேஸ் தப்பாக வந்தால், ஸ்னாப்பர் பந்தைத் தொடக்கத்திலேயே கால் சுற்று திருப்பிப் பிடிக்கிறார். இரண்டு மூன்று முயற்சியில் சரியாகிவிடும். இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தருபவர்கள் அரிது. ஹோல்டர் வேலையை இளக்காரமாக நினைப்பவர்களுக்கு 2007 ஜனவரி 6 நினைவிருக்கட்டும்: சியாட்டிலில், வெறும் 19 கெஜ உதைக்கு டல்லாஸ் அணியின் ஹோல்டர் டோனி ரோமோவின் கையில் பந்து வழுக்கியது, டல்லாஸ் 21–20 என்று வீட்டுக்குப் போனது.

பண்ட்டுக்கு மாஸ்டர் ஸ்டாப் வாட்சில் மூன்று நேரம் எடுக்கிறார்: ஸ்னாப், கையிலிருந்து கால், மொத்தம். பலகையில் பெயருக்கு நேரே எழுதுகிறார். கையிலிருந்து கால் 1.3, மொத்தம் 2.1. மொத்தம் 2.4க்குப் போனால் ஓரத்திலிருந்து ஓடி வருபவனுக்குப் பந்து பரிசு. நேரம் தின்பது பெரும்பாலும் கால் இல்லை, கை. பந்தை மெல்ல மேலே தூக்கிப் போடும் பழக்கம் இருந்தால் கால் நொடி அங்கேயே போகிறது, காற்றும் பந்தைத் திருப்பிவிடுகிறது. கையை நீட்டி, பந்தின் மூக்கு லேசாகக் கீழும் உள்ளும் பார்க்க, அதை அப்படியே விட்டுவிட்டுக் கையை விலக்க வேண்டும். பந்து உடம்பின் குறுக்கே விழுந்தால் பாதத்தின் ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் பறக்கும். உதைக்காமல், பந்தைக் கீழே விட்டு அது எப்படிக் குதிக்கிறது என்று மட்டும் பார்க்கும் பயிற்சி ஒரு காலைக்கு ஐம்பது தடவை. தூரத்தைவிட உயரத்துக்குத்தான் மதிப்பெண்: 45 கெஜம் போய் 4.5 நொடி காற்றில் நின்றால் ஓடிப்போன நம் ஆள் பந்துக்குக் கீழே காத்திருப்பான். 50 கெஜம் போய் 3.8 நொடியில் விழுந்தால் அது எதிரணிக்குச் செய்த உபகாரம்.

தடுப்பு வரிசைக்குச் சொல்லும் விதி ஒன்றே: உள்ளிருந்து வெளியே. பண்ட்டரிடம் வரக் குறுக்கு வழி நடுவில்தான். ஓரத்தில் வருபவன் சுற்றி வர வேண்டும். புதியவர்கள் வேகமாக ஓடி வரும் ஓர ஆளைப் பார்த்துப் பயந்து வெளியே திரும்பி, நடுவைத் திறந்துவிடுகிறார்கள். தடுக்கப் பாய்பவர்களுக்கும் பாடம் உண்டு. குறி பண்ட்டர் இல்லை, அவருக்கு ஐந்து கெஜம் முன்னால் உள்ள இடம். மேலே குதிக்கக் கூடாது, குறுக்கே நீட்டிப் பாய வேண்டும். பண்ட்டர் மேல் லேசாக மோதினால் 5 கெஜம் தண்டனை. பலமாக மோதினால் 15 கெஜத்தோடு எதிரணிக்குப் புதிய முதல் டவுன், அதாவது பந்தை முன்னே கொண்டுபோக மறுபடி முதலிலிருந்து வாய்ப்பு.

கம்ப விஷயத்தில் பாராட்ட வேண்டும். முறையான கோல் கம்பம் இங்கே கிடையாது. சாக்கர் கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. இதற்கு வேண்டியது 18 அடி 6 அங்குலம், குறுக்குக் கம்பி 10 அடி. இரண்டு நீளச் சவுக்குக் கழிகளைக் கோலுக்குள் அளந்து கட்டி, பத்தடியில் தேங்காய் நார்க் கயிறு இழுத்திருக்கிறார்கள். கயிற்றில் சிவப்புத் துணி தொங்குவதால் காற்றும் தெரிந்துவிடுகிறது.

பந்தில்தான் கோட்டை விட்டார்கள். ஆறு செயற்கைத் தோல் பந்து, ஒரே ஒரு நிஜத் தோல் பந்து. கால்பட்ட உணர்வு இரண்டுக்கும் வேறு. ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். புதுத் தோலின் வழவழப்பை எப்படி எடுப்பது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவர்களோ உறையைப் பிரித்த பந்தை அப்படியே களத்தில் இறக்கினார்கள். என்.எஃப்.எல்.லில் உதைப்பதற்கென்றே 1999 முதல் தனிப் பந்து. அதையும் ஈரத்துணியால் துடைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மேல்பூச்சைப் போக்கிய பிறகுதான் இறக்குகிறார்கள். இங்கே அந்த ஒரு தோல் பந்தும் சரளை மண்ணில் உராய்ந்து நாலாவது வாரத்தில் தையல் பிரிந்தது. இன்னொன்று, பந்துகளை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். 25 டிகிரியில் 13 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் நிரப்பிய பந்து 45 டிகிரியில் கிட்டத்தட்ட 15க்குப் போகும். விதிப்படி 12.5 முதல் 13.5 வரைதான். கல்லாக இறுகிய பந்தில் பழகினால் ஆட்டத்தன்று அளவு தவறும். கையில் ஒரு அழுத்தமானி வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய குறை கிக்காஃப். 2024இல் என்.எஃப்.எல். கொண்டுவந்த புது முறைக்கு இரண்டு முழுக் காலைகளைச் செலவழிக்கிறார்கள். உதைப்பவர் தன் பக்க 35 கெஜக் கோட்டில் தனியாக நிற்க, மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40இல் போய் நிற்கிறார்கள்; பந்து 20க்கும் கோல் கோட்டுக்கும் நடுவே விழ வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்கன் ஃபுட்பாலின் சர்வதேச சம்மேளனத்தின் விதிகள் அமெரிக்கக் கல்லூரி விதிகளை ஒட்டியவை. அங்கே கிக்காஃப் பழைய மாதிரிதான். உதைத்த அணியே பந்தைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும் குட்டை உதையான திடீர் ஆன்சைடு கிக்கும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2010 பிப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் இரண்டாம் பாதியை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியினர் அப்படித்தான் தொடங்கினார்கள். புது என்.எஃப்.எல். முறையில் அறிவிக்காமல் ஆன்சைடு உதைக்கவே முடியாது. இந்த இரண்டு காலைகளில் ஒன்றைப் பழைய கிக்காஃபுக்கும் ஆன்சைடுக்கும் கொடுத்திருக்கலாம். பண்ட் விதியிலும் இதே குழப்பம்: என்.எஃப்.எல்.லில் உதைக்கு முன் ஓர ஆட்கள் இருவர் மட்டுமே முன்னே ஓடலாம், கல்லூரி விதியில் அந்தக் கட்டு இல்லை. அச்சடித்துத் தரும் தாளில் முதலாவது மட்டும் இருக்கிறது.

ரிட்டர்ன் பகுதி சுமார். பந்தைப் பிடிப்பது, ஃபேர் கேட்ச் (பிடித்தபின் ஓடமாட்டேன் என்ற கைச் சைகை) காட்டுவது, எப்போது தொடாமல் விடுவது என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

வீடியோ எடுப்பதில்லை, இதுவும் குறைதான். இடுப்பு எழும்புவதை மாஸ்டர் வாயால் சொல்வதைவிட, ஸ்னாப்பருக்குப் பக்கவாட்டில் ஒரு போனை ஸ்லோ மோஷனில் வைத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரியும். கேட்டால் மறுப்பதில்லை, ட்ரைபாட் நாமே கொண்டுபோக வேண்டும்.

ஆளை இடித்து வீழ்த்தாமல் இடுப்புத் துணியை உருவி நிறுத்தும் ஃப்ளாக் ஃபுட்பால் மட்டும் ஆடுபவர்களுக்கு இந்த வகுப்பு வேண்டாம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸுக்கு வரும் அந்த ஆட்டம் ஐந்து பேருக்கு ஐந்து பேர். அதில் உதையே கிடையாது. முழு ஆட்டம் ஆடும் அணியாக இருந்தால் தனியாளாகச் சேர்வதைவிட ஸ்னாப்பர், ஹோல்டர், கிக்கர், பண்ட்டர் நால்வராகச் சேருங்கள். நால்வருக்கு 16,000 என்று குறைத்துத் தருகிறார்கள். நான்கு கைகளும் ஒரே வாட்சுக்குப் பழகிவிடும். தூரம் கேட்கும் கிக்கரை மட்டும் தனியாக அனுப்பினால், எறிய ஆள் இல்லாமல் மூன்று காலைகள் சும்மா நிற்பார். உதைக்கப் பந்தை நிறுத்தும் இரண்டு அங்குல டீ கட்டையை இரண்டாவது வாரமே பிடுங்கிவிடுகிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்: கல்லூரி விதியிலும் என்.எஃப்.எல்.லிலும் ஃபீல்டு கோல் வெறும் தரையிலிருந்துதான்.